முதல் மாடியிலிருந்து சொன்ன ஓடிபி

கொரோனா ஊரடங்கில் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் அரசாங்கம் உதவித்தொகை போட்டது. எங்களுக்கு வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டின் முதல் மாடியில், தொட்டித் துளசியைக்கூடக் காப்பாற்றத் தெரியாமல் வாழ்கிறவர்கள். ஆனாலும் ஒரு நாள் காலை என் போனுக்கு அந்த உதவித்தொகைக்கான ஓடிபி வந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் அதில் இருந்தது.

உடனே போன் அடித்தது.

"அம்மா, வணக்கம்ங்க. உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் சொல்லுங்களேன்."

என் கணவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டியவர். போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"யாருங்க நீங்க?"

"முக்கொம்பு பக்கம் வாழை போட்டிருக்கேன் சார். லாரி வராம தாரெல்லாம் மரத்துலயே பழுக்குது. அந்தப் பணம் வந்துதான் உரம் வாங்கணும். பதிவு பண்ணப்ப என் போன் நம்பரைத் தப்பா அடிச்சுட்டாங்க. அது உங்க நம்பராப் போச்சு."

"விவசாயின்னா சொல்லுங்க. வாழைக்கு எப்பெப்போ தண்ணி விடணும்?"

மண், வெயில், மரத்தின் வயது என்று அவர் விரிவாகச் சொன்னார். என் கணவர் போனைப் பொத்திக்கொண்டு, "சரியாச் சொல்றானா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குப் பழம் உரிக்கத்தான் தெரியும்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். மறுநாள் அந்த மனிதர் மொபெட்டில் ஒரு பூவன் தாரோடு எங்கள் வாசலுக்கே வந்து நின்றார். அன்று சாயங்காலம் அவர் மறுபடி போன் செய்து கேட்டபோது நான்தான் விலாசம் சொல்லியிருந்தேன்.

"பாத்துக்குங்க சார், விவசாயிதான்."

"தார் கடையிலயும் கிடைக்கும்" என்றார் பால்கனியிலிருந்து என் கணவர்.

"இவ்வளவு பெரிய தாரை விலைக்கு வாங்கி உங்களை ஏமாத்துற வசதி எனக்கு இருந்தா, அந்தப் பணமே வேணாமே சார்."

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் மாடியை விட்டு இறங்கவில்லை, தொற்று பயம். எனவே அங்கிருந்தே சொல்வதாக ஏற்பாடு.

விவசாயியின் மனைவி அவர்கள் ஊர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் போனில் சொன்னதும் அங்கே பட்டனைத் தட்டினார்கள். எனக்கு ஓடிபி வந்தது. மாஸ்க்கோடு வாசித்தேன்.

"நைனா, ஃபைவாம்மா?"

"ஒன்பது."

"எண்பதா?"

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒருவர், "ஒன்பதுன்னு சொல்றாங்கப்பா" என்று உதவிக்கு வந்தார். இவர் அதை மனைவிக்குச் சொல்ல, அந்த அம்மா திரும்பக் கேட்க, நேரம் முடிந்து ஓடிபி செத்துப்போனது.

அடுத்த முறை என் கணவருக்குப் பொறுக்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு எண்ணாகக் கத்தினார். கீழ்வீட்டுக்காரரும் கூடவே சொன்னார். வேலை முடிந்தது.

"இன்னொண்ணு இருக்கு சார்" என்றார் கீழே நின்றவர். "போன் நம்பரை மாத்தணும்ல. அதுக்கும் ஒரு ஓடிபி வருமாம். பழைய நம்பருக்குத்தான்."

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதை நான் கத்தினேன்.

சில நாளில் அந்த விவசாயியே போன் செய்து, பணம் ஏறிவிட்டது என்றார். பாதி உரத்துக்குக்கூடப் போதவில்லையாம். மரத்தில் தார்கள் அப்படியே நிற்கின்றனவாம். என் கணவர் போனை வாங்கி, "இங்க கொண்டு வாங்க" என்றார். பிறகு அபார்ட்மென்ட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார்.

மொபெட்டில் வந்த தார்களெல்லாம் வாசலிலேயே சீப்புச் சீப்பாக விற்றுப்போயின. அன்று நாங்களும் ஒரு சீப்பு வாங்கியதில் கிடைத்த மீதி ரூபாய் நோட்டுகளில் என் கணவர் சானிடைசர் அடித்து, பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார்.