கங்காணி முன்னால் உட்கார்ந்தோம்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். ஒரு கோடை விடுமுறையில் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போய், நம் சேலம் ஜில்லாக் கூலிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். விடுமுறை முடியும் தறுவாயில், கூலிகளை வேலை வாங்கும் பெரிய கங்காணி வந்து நின்றார்.

"ஒரு புள்ளயாச்சும் படிச்சாத்தான் இந்தக் கொட்டாய் பள்ளிக்கூடமுங்க. இல்லீன்னா நாளைக்கே எல்லாம் களை புடுங்கப் போகோணும்" என்றவர், என் காதருகே குனிந்து ஊர்ப் பெயரைச் சொல்லி, "எங்கூரு பேரை எழுதுங்க" என்றார்.

பலகையில் எழுதினேன். மரியாதைக்காகப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். அத்தனை பேரும் தலையைக் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி முன்னால் அப்படித்தானே நின்று பழக்கம்!

"ஊமைப் பள்ளிக்கூடமுங்களா?" கங்காணி சிரித்தார்.

சட்டென்று நான் தரையில் சம்மணமிட்டேன். "எல்லாரும் உக்காருங்க சாமி."

"எம்முன்னாலயா?"

"ஆமாங்க. பள்ளிக்கூடத்துல உக்காந்துதானுங்க படிக்கோணும்."

பிள்ளைகள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். தலைகள் நிமிர்ந்தன. பாவாயி என்ற சிறுமி விரலை நீட்டி, "நா... ம... கி... ரி..." என்று கூட்டிக்கொண்டே போய், "நாமகிரிப்பேட்டை!" என்று கத்தினாள். அவள் கண்ணால் காணாத ஊர்.

"அட, எங்கூரு!" கங்காணி எங்களுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னொருக்காப் படி, சாமி."

அதன்பிறகு எத்தனையோ பெரிய மனிதர்கள் முன்னால் போயிருக்கிறேன். வாய் அடைக்கும்போதெல்லாம் பாவாயியின் அந்தக் கத்தல் காதில் கேட்கும், நிமிர்ந்து பேசிவிடுவேன்.