நான் சுடச் சொன்ன மான்

நான் என் வாழ்நாளில் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. ஆனால், ஒரு மனிதனைச் சுடச் சொன்னேன்! என் சொல்லைக் கேட்டுச் சுட்டவர் சிறைக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்து வாத்தியாராகி, நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தேன்.

அதிர்ச்சியாக இருக்கிறதா உங்களுக்கு? பொறுங்கள்... முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் அக்காள் வீட்டில் இருந்தேன். படிப்பு முடிந்து இரண்டு வருடமாக வேலை இல்லை. உட்கார்ந்து தின்கிறவனுக்கு என்ன மதிப்பு? ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நாட்களில் நிறைய மான் வேட்டைக்குப் போயிருப்பதாக ஒருநாள் அத்தானிடம் அளந்துவிட்டேன். அன்று முதல் அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அந்த மரியாதை எனக்குப் பிடித்துப்போயிற்று, வெட்கமாக இருக்கிறது சொல்ல!

அத்தானிடம் அவர் தகப்பனார் வைத்திருந்த துப்பாக்கி இருந்தது. பன்றி விரட்ட வெடித்ததோடு சரி. மான் சுடுவது குற்றம் என்று தெரிந்தும், ஒரு தடவையாவது சுட்டுப்பார்க்க அவருக்கு ஆசை. கற்றுக்கொடு என்றார். டீக்கடையில் காதில் விழுந்ததையெல்லாம் என் அனுபவமாக்கி அவருக்குப் பாடம் நடத்தினேன்.

கார்த்திகையில் வாடை வடக்கிலிருந்து வீசும், ஆகவே மானுக்குத் தெற்கே நில்லுங்கள். வெற்றிலை, பீடி கூடாது. தண்ணீர் ஏறும் நாளில் மான் மேட்டுக்கு வரும். மழை விட்டதும் புதரோரம் நின்று உடம்பை உதறும், அதுதான் சமயம். எல்லாவற்றுக்கும் மேலாக, அசைவைப் பார்த்துச் சுடவே கூடாது. நாலு காலும் தலையும் கண்ணுக்குத் தெரிகிறவரை விரல் விசைக்குப் போகக் கூடாது...

எவ்வளவு சரியான பாடம், பார்த்தீர்களா! இன்றைக்கும் அதில் ஒரு பிழை சொல்ல முடியாது.

ஆட்சி மாறி, குத்தகைக்கு உழுகிறவன் தன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று வந்திருந்த காலம் அது. அத்தான் நிலத்தை உழுத மாரிமுத்து அந்த வாரம்தான் போய்ப் பதிந்துவிட்டு வந்திருந்தார். அத்தானுக்கு முன்கோபம். கடைத்தெருவில் பத்துப் பேர் பார்க்க, உன் காலை முறிக்காமல் விடமாட்டேன் என்று கத்தினார். கத்தினாரே தவிர, மறுநாளே மறந்துவிட்டார். அவர் சுபாவம் அப்படி.

மறுவாரம், மழை விட்ட ஒரு காலையில், காட்டோர மேட்டுக்குப் போனோம். கால்மணி நேரம் கழித்து, புதருக்குப் பின்னால் பழுப்பாக ஒரு முதுகு அசைந்தது. அத்தான் துப்பாக்கியைத் தூக்கினார், ஆனால் சுடவில்லை.

"காலு தெரியலையே, மாப்ளே..."

மாணவர் பாடத்தை மறக்கவில்லை, ஐயா! வாத்தியாருக்குத்தான் பதற்றம். மான் ஓடிவிட்டால் என் பெருமையும் ஓடிவிடுமே!

"மான்தான் அத்தான். சுடுங்க."

சுட்டார். விழுந்தது மாரிமுத்து. மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டு, குனிந்து ஆட்டுக்குத் தழை அறுத்துக்கொண்டிருந்தார். நனைந்த சாக்கின் பழுப்பு... அந்த ஊரில் அடைமழைக்கு யார்தான் சாக்கு போடாமல் வெளியே வருகிறார்கள்? எனக்கு அது தெரியாதா?

ரவை தொடையில். அத்தான் ஓடிப்போய்த் துண்டால் கட்டினார். மாரிமுத்து கண் இருண்டு கிடந்தார், என்னைப் பார்க்கவில்லை. அத்தான் திரும்பி, "நீ இங்க வரவே இல்ல. நேத்துதான் வேலை ஆர்டர் வந்திருக்கு ஒனக்கு. போயிடு" என்றார். போய்விட்டேன்! ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தும்விட்டேன்.

காலை முறிப்பேன் என்றவர் காலிலேயே சுட்டிருக்கிறார் என்றது ஊர். மான் என்று நினைத்துத் தெரியாமல் சுட்டதை யாராவது பார்த்தார்களா என்று கோர்ட்டில் கேட்டார்கள். அத்தான் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அக்காள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "யாரும் இல்லைங்க" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா? அப்படித்தான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் வேட்டையே ஆடாதவன் என்பது அத்தனை பேர் முன்னால் வெளுத்துவிடுமே என்ற கூச்சம்தான்... அந்த அற்பக் கூச்சத்துக்கு ஒரு மனிதரின் மூன்று வருடத்தை விலையாகக் கொடுத்தேன்!

அத்தான் திரும்பி வந்து, அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமலே இறந்தும்போனார். ஆளைச் சுட்டவன் பெண்டாட்டி என்ற பேச்சை அக்காள் இன்னமும் கேட்கிறாள்.

போன மாதம் வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில் மாரிமுத்துவைப் பார்த்தேன். கையில் தடி. அவரே என்னிடம் வந்தார்.

"ஒங்க அத்தான் என்னைத் தெரிஞ்சுதான் சுட்டாராங்க, வாத்தியாரய்யா? ஒங்ககிட்டயாவது சொல்லியிருப்பாரே. அதத் தெரிஞ்சுகிட்டா போதும் எனக்கு."

சொல்லியிருக்கலாம். கூட்டம் இல்லை, கோர்ட் இல்லை, போவதற்கு வேலையும் இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். நாகப்பட்டினம் பஸ் வந்தது. படி உயரம். காலைத் தூக்கி வைக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஏற்றிவிட்டேன்.

"நல்லா இருங்க, ஐயா" என்றார்.