புதியவருக்கு லேபைக் காட்டச் சொன்னார்கள்

இன்று பொம்மிடியிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் இளம்பெண். கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராம். முகமெல்லாம் சிரிப்பு.

"புதுசா ஒருத்தர் வந்திருக்காருங்க சார். லேப் வேலையெல்லாம் நீங்களே சொல்லிக் குடுங்கன்னு எச்.ஓ.டி. சொல்லிட்டாரு. எம்மேல அவ்ளோ நம்பிக்கைங்க."

எனக்கு என் பழைய கதை ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் நானும் தருமபுரியில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேதியியல் ஆசிரியர். கோடை விடுமுறைக்கு முன் துறைத்தலைவர் என் தோளில் கைபோட்டு, "தம்பி, புதுசா வந்தவருக்கு எல்லாத்தையும் காட்டி வுடுங்க" என்றார். எந்த அமிலம் எந்த அலமாரியில் என்பதுவரை பெருமையாகக் காட்டினேன்.

விடுமுறை முடிந்து போனால், என் வகுப்பில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?" என்றார் துறைத்தலைவர், நிமிர்ந்து பார்க்காமலே.

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை போனதைப் பெண் வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், ஊரைவிட்டே போக நின்றிருந்த தீர்த்தமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் நடக்கவில்லை.

"வந்தவரு யாரும்மா?" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"எச்.ஓ.டி.யோட தங்கச்சி பையனுங்க."

சொன்னவுடன் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் கேட்டிருக்கக் கூடாதோ? கெஸ்ட் லெக்சரர்கள் சொல்லுங்கள். பர்மனென்ட் ஆனவர்கள் லைக் போட்டால் போதும்.