வால் மடக்கிய காற்றாடி

தாரணி, கவின் — அப்பா இந்த வாரம் இந்தச் சிறுவர் பக்கத்தை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். வாரா வாரம் படிக்கிற மற்ற பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் கூடவே உட்கார்ந்து கேட்கலாம். ரகசியம் ஒன்றும் இல்லை... ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது.

போன வியாழக்கிழமை சாயந்திரம் நம் நாமகிரிப்பேட்டைப் பக்கம் அடித்தது காற்றா அது? லாரி பாடி கட்டும் பட்டறையில் பாதியிலேயே வேலையை நிறுத்திவிட்டு நான் வீட்டுக்கு வந்து சேரவும், மேற்கே வானம் செம்மண் நிறத்துக்கு மாறவும் சரியாக இருந்தது. வாசற்படியில் நின்றபடி ஒன்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் காற்றாடியை.

உங்களுக்குத் தெரியும், மற்ற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பட்டம் இல்லை; கரண்ட் போனால் வாசல் விளக்கு எரியட்டும் என்று, காற்றில் சுற்றி மின்சாரம் எடுக்க நானே செய்தது அது. போர்வெல் போட்டதில் மிச்சமான பிளாஸ்டிக் கேசிங் பைப்பை நீளவாக்கில் அறுத்து மூன்று இறக்கை. யாரோ ஜிம்மில் கழித்துப்போட்ட டிரெட்மில் மோட்டார். பின்னால் தகர வால். எல்லாம் ஓர் இரும்புக் கம்பத்தின் உச்சியில். கீழே ஒரு பழைய லாரி பேட்டரி.

போன வருஷக் கோடையில் இதே மாதிரி ஒரு காற்றில் அதன் இறக்கை ஒன்று ஒடிந்து பறந்தது. விழுந்தது துணி காயப்போடும் கொடிக்கு அடியில். தாரணி, நீ கொடியிலிருந்து பாவாடையை உருவிக்கொண்டு உள்ளே ஓடி வந்த அடுத்த நிமிஷம் அது. பதறிப் போனேன். விருந்துக்கு வந்திருந்த உங்கள் பெரியம்மா அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

அன்றைக்குச் சொன்னதுதான். "அந்தக் காத்தாடி இருக்கற ஊட்டுக்கு இனிமே புள்ளைங்கள அனுப்ப மாட்டனுங்க தம்பி."

அம்மா தவறிப்போன பிறகு நீங்கள் ஓமலூரில் பெரியம்மா வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போகிறீர்கள். எனக்கு மிச்சம் இருந்தது லீவு நாட்கள். அதுவும் போயிற்று.

இப்போது வெட்கப்பட வேண்டிய இடம். இறக்கை ஏன் ஒடிந்தது?

நான் வீடியோ பார்த்துச் செய்த காற்றாடியில் வாலை ஒரு கீலில் மாட்டியிருந்தார்கள், கதவு மாதிரி மடங்கும்படி. நானும் அப்படியே மாட்டினேன். அது கடகடவென்று ஆடியது. பாடி கட்டுகிறவன் காதுக்கு ஆட்டச் சத்தம் என்றால் அவமானம். கட்டிக் கொடுத்த லாரி ஆடினால் ஓனர் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பார். எங்கள் பட்டறையில் ஒரே சட்டம்தான் — ஆடுகிறதா, வெல்டு வை! வீடியோக்காரனுக்கு வேலை தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே கீலைச் சுற்றி வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டேன்.

அந்தக் கீல் எதற்குத் தெரியுமா? காற்று அளவாக அடிக்கும்போது வால் காற்றாடியின் முகத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும். காற்று மீறினால் முகம் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், வால் மடங்கி அதற்கு வழிவிட வேண்டும். காற்று ஓய்ந்ததும் வால் தன் கனத்தால் சரிந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். நான் வாலைக் கட்டிப்போட்டேன். பாவம் அது, புயலை நேருக்கு நேர் வாங்கி ஒடிந்தது.

இதில் வேடிக்கை என்ன என்றால், காற்றடிக்கும் நாளில் பட்டறையில் தகர ஷீட்டைத் தூக்கிப் போகும்போது நான் என்ன செய்வேன்? காற்றுக்கு ஓரத்தைக் காட்டித்தானே நடப்பேன்! தகரம் தூக்குகிற கைக்குத் தெரிந்தது வெல்டிங் வைக்கிற கைக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் கிரைண்டரால் அந்த வெல்டை அறுத்தேன். புது இறக்கை மாட்டினேன். ஒரு பெருங்காற்றைத் தாங்கிவிட்டால் பெரியம்மா மனசு மாறும், பரீட்சை முடிந்ததும் உங்களை அனுப்பிவைப்பார். இதுதான் என் கணக்கு.

வியாழக்கிழமை அந்தப் பெருங்காற்று வந்தது.

மாட்டுக்கொட்டகைத் தகடு ஒன்று பெயர்ந்து மஞ்சள் வெட்டிய காட்டுக்குள் போய் விழுந்தது. காற்றாடி வெறி பிடித்த மாதிரி சுற்றியது. இதோ ஒடியப் போகிறது... இதோ... அப்போது முகம் மெல்லத் திரும்பியது. வால் மடங்கியது. இறக்கைகளின் வேகம் தணிந்தது. காற்று குறைந்ததும் மறுபடி நேரானது. ஏழெட்டுத் தடவை இப்படியே!

"மடங்கிருச்சு! பாருங்கடா, மடங்கிருச்சு!" என்று கத்தினேன்.

யாரைப் பார்த்துக் கத்தினேன்? வீட்டுக்குள் ஃபேன்கூட ஓடவில்லை.

காற்றோடு வந்த மழை விட்டதும் பக்கத்துத் தோட்டத்துச் செல்லமணி வேலியோரம் வந்தார். அவருடைய வாழை அத்தனையும் தரையில் கிடந்தது.

"ஏனுங்க, எம்பட வாழை பூராவும் படுத்துருச்சு. உங்க காத்தாடி மட்டும் ஒன்னுமே நடக்காத மாதிரி சுத்துதுங்களே!"

"ஆமாங்க" என்றேன். அவரிடம் போய்ச் சந்தோஷப்பட முடியுமா?

சிக்னல் வந்ததும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். நீங்கள் ட்யூஷன் போயிருந்தீர்கள்.

"அக்கா, இன்னைக்கு அடிச்ச காத்துல ஒரு இறக்கைகூட ஒடியலீங்க! அந்தக் கீலு இருக்குதுல்லங்க..."

முழுதும் கேட்டார். அப்புறம் சொன்னார்:

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் தம்பி. ஆனா அன்னைக்குப் புள்ளை நின்ன எடம் கண்ணுக்குள்ளயே கிடக்குதே. அதுக்கு எந்தக் கீல மாட்டறது?"

"அக்கா, அது இனிமே ஒடியாதுங்க."

"உங்க காத்தாடி மேல எனக்குக் கோவமில்லீங்க. பயந்தான். அது போகமாட்டீங்குது."

இரண்டு நாள் எனக்குக் கோபம். நிரூபித்துவிட்ட பிறகும் ஒருவர் நம்பவில்லை என்றால் என்ன செய்வது? ஒருத்தனுக்குச் சமைத்த சோற்றை மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, மனசுக்குள் பெரியம்மாவோடு வாதாடிக்கொண்டே இருந்தேன். எல்லா வாதத்திலும் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்து முடித்து நிமிர்ந்தால் வீட்டில் யாரும் இல்லை.

பிள்ளைகளே, பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நிரூபணம் இல்லை போலிருக்கிறது. இத்தனை வயசில் இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரியைக் கழற்றினேன். மோட்டாரின் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினால் காற்றாடி தயங்கித் தயங்கி நிற்கும்... நின்றது. கம்பத்தைச் சாய்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பத்தை இறக்கும் கப்பிச் செயினை விட, ஒருவர் அது பக்கவாட்டில் சரியாமல் இழுவைக் கம்பியைப் பிடிக்க. கம்பியைப் புளியமரத்தில் கட்டிவிட்டு நானே செயினைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கொஞ்சம் விடுவது, ஓடிப்போய்க் கம்பியைப் பார்ப்பது, திரும்பி ஓடி வருவது. மதியம் ஆகிவிட்டது. இறக்கையில் ஒரு கீறல்கூட இல்லாமல் காற்றாடி மண்ணில் படுத்தது. சாக்கைப் போட்டு மூடினேன்.

அப்புறம் உங்கள் கயிற்றுக் கட்டில்கள் இரண்டையும் தூக்கி வந்து, துணிக்கொடிக்கு அடியில், அந்த இறக்கை விழுந்த அதே இடத்தில் போட்டு, ஒன்றில் படுத்து மேலே பார்த்தேன்.

வானம் மட்டும்தான் இருக்கிறது, சாமிகளா. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.