ஜெசிந்தா அக்கா நிறுத்திய குரல்

ஜெசிந்தா அக்கா மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, நான் ராமநாதபுரத்தில் எங்கள் பயிற்சி மையத்தில் இருந்தேன். "பாம்பனுக்குக் கொண்டாந்துட்டோம். சாயந்தரம் மாதா கோயில்ல அடக்கப் பூசை. வந்துருங்க" என்றார். எனக்குப் பின்னால், பார்வையற்ற மாணவர்களின் கம்ப்யூட்டர்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தன.

அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று இந்தப் பூசைக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். திரையில் உள்ளதைப் படிக்கும் மென்பொருளையும் தமிழ்க் குரலையும் இணைக்கும் டிரைவர் என்ற நிரலை நான் எழுதினேன். பிறவியிலேயே பார்வையில்லாத அக்கா அதைச் சோதித்தார். முதல் வடிவம் தெளிவாகப் பேசியது. ஆனால் அடுத்த விசையை அழுத்தினாலும், பழைய வாக்கியத்தை முடித்த பிறகுதான் அடங்கியது.

"மீன் ஏலம் போடுறவன்கூட ஒரு சத்தம் குடுத்தா நிப்பாட்டுவான். இது நிப்பாட்டாது போலருக்கே!" என்று மேசையைத் தட்டினார். குரல் நன்றாகத்தானே இருக்கிறது என்று முணுமுணுத்தேன். "நீ வேண்டாத பக்கத்தப் புரட்டிட்டுப் போயிருவ. நான் எப்படிப் புரட்ட? அது வாய மூடணும் புள்ள."

வேலை நடக்கும்போதே, சத்தத்தைக் கூட்டச் சொல்ல ஆரம்பித்தார். ஸ்பீக்கர் பழுது என்று நினைத்தோம். தலைக்குள் கட்டி வளர்கிறது, இரண்டு காதும் போய்விடும் என்றார் டாக்டர். அக்காதான் கேட்டார்: "காது இருக்கையிலயே முடிச்சுருவமா?"

முடியவில்லை. பேச்சைச் சிறு துண்டுகளாக அனுப்பி, விசை அழுத்தியதும் மிச்சத்தைப் பேசாமலே எறிந்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டபோது, அவருக்கு எதுவுமே கேட்கவில்லை. பிரெயிலின் ஆறு புள்ளிகளை அவருடைய இரு கைகளிலும் மும்மூன்று விரல்களில் தொட்டுத்தான் அவரிடம் பேசினோம்; அவர் வாயால் பதில் சொல்வார். தயார் என்று அப்படித்தான் சொன்னேன். ஸ்பீக்கரின்மேல் இடது உள்ளங்கையைப் பதித்து, வலது கையால் விசையை அழுத்தினார்; குரல் பேசத் தொடங்கி அதிர்ந்தது. மறுபடியும் அழுத்தினார். கையின்கீழ் அதிர்வு அடங்கியது.

"நின்னுருச்சு!"

அறையே அதிரக் கத்தினார். மாணவர்கள் கைதட்டினார்கள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, பிள்ளைகள் தினமும் படிக்கிறார்கள் என்று விரல்களில் தட்டினேன்.

"குரல் எப்படி இருக்காம்?"

நன்றாக இருக்கிறதாம் என்று தட்டினேன்.

"பொய் சொல்லாத புள்ள."

கொஞ்சம் கரகரப்பாம் என்று தட்டினேன். சிரித்தார். "இருந்துட்டுப் போகுது. நிக்கிதுல்ல?"

நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே, களைத்துப்போய் விரல்களை மடக்கிக்கொண்டார். உடனே நிறுத்திவிட்டேன். சொல்லாமல் விட்ட மிச்சம் என்னிடம் இருக்கிறது.