கண்ணாடிக் கட்டடத்தில் கல்யாணம்

கல்யாண மண்டபம் நடத்துகிறவன் மாப்பிள்ளை வீட்டாரிடம் திட்டு வாங்குவது வழக்கம். எனக்குக் கட்டடமே திட்டு வாங்கித் தந்தது. காரணம், அதை என் தலையில் கட்டிய அந்தப் பத்திரிகை முதலாளி. தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் இருந்த ஆபீசை, பத்திரிகை படுத்ததும் பத்து வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார். பேரத்தில் ஜெயித்ததாக நினைத்து, வீட்டுக்காரி நகை உட்பட எல்லாவற்றையும் அதில் போட்டேன். இரண்டு கல்யாணம் நல்லபடியாக நடந்தால்தான் மூன்றாவது வரும். குத்தகை எடுத்துக் கெட்ட அன்பர்களே, கேளுங்கள்.

கண்ணாடி

கட்டடம் கட்டிய காலத்துப் புது மோஸ்தர்: முன்பக்கம் சுவரே கிடையாது, தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடி. அச்சு மிஷின் ஓடுவதை ஊர் பார்க்கணுமாம். தினம் காலையில் அன்றைய தாளை அதில் ஒட்டுவார்கள். ரயிலுக்குப் போகிறவர்கள் ஓசியில் படிப்பார்கள்.

முதல் முகூர்த்தத்தன்று இருபது பேர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பந்தியைப் பார்த்தார்கள். "பேப்பர் நின்னு வருஷமாச்சு, போங்கய்யா!" என்று கத்தினேன். ஒருவர் மட்டும் திரும்பினார்: "பேப்பர் இல்லாட்டி இன்னா சார், இத்த பாத்துகினு போறோம். அந்தப் பச்சை சட்டைக்கு ரசம் வரல, கவனி."

குழி

மிஷின் இருந்த இடத்தில் ஆள் உயரப் பள்ளம். அதை மூட மண் வண்டிக்காரன் கேட்ட கூலிக்கு ரத்தம் கொதித்தது. பலகை போட்டு அதன்மேலேயே மணமேடை வைத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன், கூடுவாஞ்சேரிக்காரர், காலால் தட்டிப் பார்த்து, "கீழே என்ன?" என்றார். "காற்றோட்டம்" என்றேன். அவர் மாப்பிள்ளையிடம் திரும்பினார்: "தாலி கட்டினதும் இறங்கிடுடா. மெதுவா இறங்கு."

காலமானார்

முகப்பில் பத்திரிகையின் பெயர், கான்கிரீட்டில் வார்த்த எழுத்து. உடைத்தால் முகப்பே இடிந்துவிடும். அந்தப் பெயரை நம்பி, இரண்டாவது கல்யாணத்தன்று கோவிலம்பாக்கத்து வாத்தியார் ஒருவர் இறந்துபோன அப்பாவின் படத்தோடு உள்ளே வந்துவிட்டார், விளம்பரம் கொடுக்க. சம்பந்திகள் பார்ப்பதற்குள் அனுப்பணும். "நாளைக்கு வந்துடும், போங்க" என்று படத்தை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். என் கோபம் எங்கே போனதோ. மளிகைச் சீட்டின் பின்புறத்தில் 'காலமானார்' என்று அறிவிப்பை நானே எழுதி, படத்தோடு ஒட்டினேன். மண்டபம் பேச வந்த குடும்பம் அதைப் பார்த்து வாசலோடு திரும்பியது. வாத்தியார் முழுக்கப் படித்துவிட்டுச் சொன்னார்: "பிழையே இல்ல சார். முதல் வருஷ நினைவஞ்சலிக்கும் இங்கதானே வரணும்?"

போன வாரம் மூன்று படங்கள் வந்தன. கல்யாணம் ஒன்றும் வரவில்லை.

முதலாளி, கட்டடத்தோடு உம் வாசகர்களையும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறீர். ஒரே ஒரு நாள் வந்து, கடைசியாக ஒரு தாள் அச்சடித்து, அந்த வாத்தியாரின் அப்பாவை முறையாகப் போட்டு, பத்திரிகை நின்றுவிட்டது என்று உம் வாயாலேயே சொல்லிவிட்டுப் போம்.