மருமகள் மேல் ஊற்றிய தண்ணீர்

என் மருமகள் செல்வி புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டே, டாக்டரிடம் கேட்டுவிட்டு, நெடுந்தூர ஓட்டம் பழகுகிறாள். எனக்கு எழுத வராது. நான் சொல்ல, இதையும் அவள்தான் எழுதுகிறாள்.

இலுப்பூர் ரோட்டில் வியர்த்து ஓடிவந்தவளைப் பார்த்ததும், பால்குடம் எடுத்து வருகிறவர்களுக்கு ஊற்றுவதுபோல ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிவிட்டேன். கோயில் திருவிழாவில் நான் ஊற்றாத வருஷம் உண்டா!

"ஐயோ மாமா! கையில மருந்துக் குழாய் இருக்குல்ல, நனைஞ்சா கிருமி ஏறிரும்!"

குடத்தை அங்கேயே போட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் குழாயைச் சுற்றியிருந்த நனைந்த கட்டுத்துணியை மாற்றி, "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க தாத்தா" என்றார்.

"என்னைய மாரியாத்தாவா ஆக்கிட்டீங்களே மாமா" என்று செல்வி சிரித்தாள். டாக்டர் சரி என்றதும் மறுபடி ஓடினாள். அந்தத் தைரியம் எனக்கு வராது.

இப்போதும் தண்ணீரோடு நிற்கிறேன். "ஊத்தவா ஆத்தா, குடிக்கத் தரவா?" என்று கேட்காமல் குடத்தைச் சாய்ப்பதில்லை. கேட்டு முடிப்பதற்குள் அவள் அடுத்த வளைவைத் தாண்டியிருப்பாள்.